மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது: ஒரு புழுங்கல் அரிசி ஆலையின் நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த மழையை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் அப்படியே சாய்ந்தன. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் என்ற அளவுக்கோடு குறுக்கே நின்றதால், மிச்சம் பிழைத்த நெல்லை ரோட்டில் கொட்டி, காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்தார்கள். அங்கே கழிந்த நெல்லில் கொஞ்சம் தனியார் ஆலைகளுக்குப் போனது. வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு புழுங்கல் ஆலைக்கும் இரண்டு லாரி வந்தது. சன்ன ரகம். ஏற்கெனவே நீர் குடித்து உப்பியிருந்தது. சில மணிகள் மூக்கு முளைத்திருந்தன.

அந்த நெல் இரண்டு ஊறல் தொட்டிகளில் ஏறியது. தொட்டிக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஒரு சார்ட் தொங்கும். வெந்நீர் 70 டிகிரி, நேரம் 4 மணி. அன்றிரவு நெல் உலர்த்தும் டிரையரில் முந்தைய நெல் இறங்கவில்லை. அதனால் நான்கு மணி முடிந்தும் தொட்டி திறக்கப்படாமல் ஆறு மணி நேரம் வெந்நீரிலேயே கிடந்தது. காலையில் பார்த்தால் உமி முழுக்க வாய் பிளந்து, அரிசி வெளியே பிதுங்கி நின்றது. அவித்து, காயவைத்து, அரைத்ததில் பாதி நொய்யாகப் போனது. முழு அரிசியும் பழுப்பேறி ஒரு வாடை அடித்தது. கடைசியில் அதை வாங்கியவர் கோழித்தீவனக்காரர். நட்டம் எவ்வளவு என்பதை எழுத வேண்டாம் என்றார் முதலாளி. எழுதவில்லை.

நெல் கெடுவது ஆலையில் புதிதில்லை. முதலாளியைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. ராத்திரியே மூன்று பேருக்கு இது தெரிந்திருந்தது. மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.

நான் டெல்டாவில் சிறு ஆலைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கிறவன். மனிதவள ஆலோசகன் என்றெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை. "ஆளுங்களுக்கு வேலையில ஒட்டுதலே இல்ல சார், என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது, பதிவேட்டை மறுபடி ஒரு கண் பார்க்கிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். மாசி மாதம் பாதிக்கு மேல் அந்த ஆலை வாசல் டீக்கடையில்தான் போயிற்று. ஆட்களிடம் பேசுகிறபோது யார் பெயரும் எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இங்கேயும் எழுதவில்லை.

முதலாளி செய்து பார்த்தவை

ஆலை முதலாளி நாற்பதுகளில் இருப்பவர், பொறியியல் படித்தவர். அவருடைய அப்பா காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறவைத்து, களத்தில் காயவைத்து அரைத்த ஆலை அது. இவர் வந்துதான் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வெந்நீர் ஊறல் முறைக்கு மாற்றி, டிரையர், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் எல்லாம் போட்டார். பதிவேட்டில் 34 பேர். லோடுமேன்களும் டிரையரில் நிற்கும் வடமாநிலப் பையன்களும் இதில் சேர மாட்டார்கள். அவர்கள் கான்ட்ராக்ட்.

ஆட்களைப் பிடித்துவைக்க அவர் சும்மா இருக்கவில்லை. முழு வருகைப்படி என்று மாதம் 1,000 ரூபாய் வைத்தார். ஒரு நாள் விட்டாலும் கிடையாது. தாமதமாக வந்தால் 50 ரூபாய் பிடித்தம். கேமரா. ஈரமானி. டிப்ளமோ முடித்த ஒரு சூப்பர்வைசர், 26 வயது. தீபாவளிக்குச் சட்டம் சொல்லும் 8.33 சதவீத போனஸோடு வேட்டி, சேலை, ஒரு கிலோ இனிப்பு. பக்கத்து ஆலைகளைவிடக் கூலியும் ஒரு மாத்து கூடத்தான் இருந்தது. "இதுக்கு மேல என்ன செய்ய?" என்று அவர் கேட்டதில் நடிப்பில்லை.

முதலில் வருகைப்படியை எடுத்துப் பார்த்தேன், அது என் கைப்பழக்கம் உள்ள விஷயம் என்பதால். படி வருவதற்கு முன்னால் லீவு மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. படி வந்த பிறகு கொத்துக் கொத்தாக விழுந்தது. ஒருவர் 5ஆம் தேதி ஒரு நாள் வரவில்லை என்றால், அதே மாதத்தில் மேலும் இரண்டு மூன்று நாள் கட்டாயம் வரமாட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. மூட்டை தைக்கும் பிரிவில் ஒரு அம்மா சொன்னார்: "மூணாந்தேதி எங்க பெரியப்பா செத்துட்டாருங்க. போவாம இருக்க முடியுமா? ஆயிரம் ரூவா அன்னிக்கே போச்சு. அப்பறம் எதுக்கு மாச்சல் பட்டுக்கிட்டு ஓடியாரணும்?"

டெல்டா கிராமத்தில் சாவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகாதவரை ஊர் மனுஷக் கணக்கில் வைக்காது. முழு வருகை என்று ஒரு கோட்டைக் கிழித்தபோது, உறவு இருக்கிற அத்தனை பேரையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார் முதலாளி. மாதக் கடைசி வரை ஓடி ஆயிரத்தை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவர்கள்.

தாமதப் பிடித்தத்தின் கதையும் அதேதான். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனையைப் பொருளாதாரம் படித்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள், 2000இல் வெளியானது. பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதுவரை 'ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே' என்று உறுத்தியது, காசு கொடுத்ததும் உறுத்தாமல் போயிற்று. இந்த ஆலையில் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "அம்பது ரூவாதானுங்களே. நிதானமா டீ குடிச்சிட்டு வர்றேன்."

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தொழில் பழக்கம் விடாது. அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி அபராதத்தை மனம்போனபடி பிடிக்க முடியாது. எந்தெந்தச் செயலுக்கு என்று முன்கூட்டி அறிவித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒரு ஊதியக் காலத்தில் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். டெல்டாவில் நான் பார்த்த அளவில் இந்த மூன்றாவது விதியைக் கேள்விப்பட்ட முதலாளிகளே குறைவு. இவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. (2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இந்த ஆய்வில் வருவதெல்லாம் அதற்கு முந்தைய சட்டம்.)

மேஸ்திரி

மூன்று பேரில் முதல் ஆள் அவியல் மேஸ்திரி. வயது 58. இந்த ஆலையில் 22 வருடம். அப்பா முதலாளி இவரைக் கேட்காமல் தொட்டி திறந்ததில்லை.

அவர் பார்க்கும் முறையை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல் அள்ளுவார். உதறுவார். ஒரு மணியை நகத்தால் கிள்ளி உமியை நீக்கி, அரிசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவார். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் ஊறல் போதாது. மெழுகு மாதிரி சமமாக நசுங்கினால் சரி. வழுக்கிக்கொண்டு மசிந்தால் தாண்டிவிட்டது. பொன்மணி மாதிரி மோட்டா ரகத்துக்கு ஒரு நேரம், பி.பி.டி. மாதிரி சன்னத்துக்கு ஒரு நேரம். காய்ந்து வந்த நெல்லுக்கு ஒன்று, நனைந்து வந்த நெல்லுக்கு இன்னொன்று. சார்ட்டில் எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரம்தான்.

சூப்பர்வைசர் வந்த பிறகு தொட்டியைத் திறக்க லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்து வேண்டும் என்றானது. தை மாதம் ஒரு நாள் மேஸ்திரி மூன்று மணி நேரத்திலேயே ஒரு தொட்டியைத் திறந்துவிட்டார். நெல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "ஏய், சார்ட் படிக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டு, 50 ரூபாய் பிடித்தம் எழுதினார்.

ஐம்பது ரூபாயைப் பற்றி மேஸ்திரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஏய்', 'உனக்கு' என்ற இரண்டு சொல்லைத்தான் மூன்று முறை சொன்னார். "பெரிய மொதலாளியே என்னைய மேஸ்திரின்னுதாங்க கூப்புடுவாரு. எம் பேரனுக்கு அண்ணன் மாரி இருக்குது அந்தத் தம்பி."

அன்றிரவு இரண்டரை மணி நேரத்திலேயே அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டார். "மசிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும்." பிறகு? "சார்ட்டுல நாலு மணின்னு போட்டுருக்கு. ஒக்காந்துட்டேன்."

வேலையில் கோபமாக இருக்கிறவர் பற்றில்லாதவர் என்று எண்ணிவிடுவது நம் வழக்கம். இந்த ஆலையில் அதிகம் கசந்துபோனவர் மேஸ்திரிதான். அந்த நெல் வீணானதற்கு அழுதவரும் அவர் ஒருவர்தான், அவர் மனைவி சொன்னார். மூட்டை தைக்கும் பெண்களோ ஆலையைப் பற்றிக் குறையே சொல்லவில்லை. ஃபேன் இருக்கிறது, டீ இரண்டு வேளை, மாலை ஐந்துக்கு வேன். திருப்தியா என்றால் திருப்திதான் என்றார்கள். அதே பெண்களில் இரண்டு பேர் அடுத்த மாதம் கும்பகோணத்துத் துணிக்கடைக்குப் போனார்கள். இன்னொருவர், அப்போது நாளுக்கு 281 ரூபாய் கூலி இருந்த நூறு நாள் வேலைக்கே போனார். ஆலைக் கூலி அதைவிட அதிகம். அங்கே தெருக்காரர்களோடு இருக்கலாம் என்றார். போகும்போது யாருக்கும் வருத்தமில்லை. வேலைத் திருப்தி, வேலைப் பற்று இரண்டையும் ஒரே கேள்வித்தாளில் அளந்து கூட்டிப்போடுகிற எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. கருத்துக் கணிப்புத் தாளில் இந்த மேஸ்திரி 'மிகவும் அதிருப்தி' என்று டிக் அடித்திருப்பார், அந்தப் பெண்கள் 'திருப்தி' என்று. அதை வைத்து முதலாளி என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மற்ற இருவர்

பாய்லர்க்காரருக்கு மூக்குதான் அளவுகோல். அதிகம் ஊறிய நெல்லில் ஆவி ஏறும்போது கஞ்சி தீய்வது போல் ஒரு வாடை வரும். அன்று வந்தது. அவர் உமியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பாய்லர் இயக்கச் சான்றிதழ் வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து அவருக்கு எப்போதும் அழைப்பு உண்டு. அம்மாவுக்கு டயாலிசிஸ் தஞ்சாவூரில் நடப்பதால் இங்கே இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "பிடித்தம் எழுதுறப்ப 'அவங்கவங்க வேலைய மட்டும் பாருங்க'ன்னு சொன்னாங்க சார். என் வேலை ஆவி. நெல்லு என் வேலையில்ல." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் வரை மேஸ்திரியும் இவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள்.

மூன்றாமவர் டிரையரில் நிற்கும் பிகார்ப் பையன். முதல் தொட்டி நெல் அவித்து டிரையருக்கு வந்தபோதே உமி பிளந்திருந்ததைப் பார்த்தார். அப்போது சொல்லியிருந்தால் இரண்டாவது தொட்டியாவது மிஞ்சியிருக்கும். அவருக்குத் தமிழ் ஐம்பது சொல் தெரியும், அதில் இதைச் சொல்லப் போதுமான சொற்களும் உண்டு. ஆனால் அவரைக் கொண்டுவந்த கான்ட்ராக்டரின் முதல் பாடம், ஆலை விஷயத்தில் வாய் வைக்காதே என்பது. அவருடைய கூலியும் ஆலையிலிருந்து வருவதில்லை, கான்ட்ராக்டர் கையிலிருந்து வருகிறது.

ஆக, மூன்று மௌனத்துக்கும் காரணம் வேறு வேறு. அவமானப்பட்டவர், வேலையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டவர், ஆலைக்கு ஆள் என்றே ஆகாதவர். ஊக்கத்தொகை எதுவும் இந்த மூன்றில் ஒன்றையும் தொட்டிருக்காது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் சொன்னது இங்கே உதவும். ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதிலுள்ளவர்களுக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது வாய் திறப்பது. பற்று இருப்பவர் வெளியேறுவதைத் தள்ளிப்போட்டு வாய் திறந்து பார்ப்பார். முதலாளி இதுநாள் வரை வெளியேறுகிறவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளேயே இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டவர்களை எந்தப் பதிவேட்டிலும் எண்ண முடியாது.

பதிவேட்டில் ஒரு பக்கம்

நான் தேடிப் போகாமல் கிடைத்த விஷயம் இது, எனக்கு இந்த ஆய்விலேயே முக்கியமானதும் இதுதான்.

ஆலையில் 22 வருடம் இருக்கிற மேஸ்திரிக்குக் காகிதத்தில் சேர்ந்த தேதி 2019. 34 பேரில் ஐந்து வருடத்தைத் தாண்டியவர்கள் மூன்றே பேர், மூவரும் அலுவலகத்தில் இருப்பவர்கள். மற்ற எல்லாருக்கும் நாலு வருடம் ஆகிற சமயத்தில் 'கணக்கு முடித்து', இரண்டு வாரம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்திருந்தார்கள். அப்பா காலத்தில் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை சொல்லிக்கொடுத்த யோசனை. மகனும் தொடர்ந்தார். நான்கூட இரண்டு வருடம் அந்தப் பதிவேட்டைப் பார்த்தும் கேட்கவில்லை. என்னிடம் வந்தது நடப்பு வருடத் தாள்கள் மட்டுமே என்று சொல்லிக்கொள்ளலாம். சரியான சாக்கு இல்லை.

1972ஆம் ஆண்டுப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிக் கூலியில் 15 நாள் கணக்கு. மாதத்தை 26 நாளாக வைத்து வகுக்க வேண்டும். 13,000 ரூபாய் வாங்குகிறவருக்கு வருடத்துக்கு 7,500. இருபத்திரண்டு வருடத்துக்கு 1,65,000. நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு முன்பாகவே இங்கே கத்தரித்திருக்கிறார்கள். இடையில் இரண்டு வாரம் நிறுத்துவதால் மட்டும் உரிமை போய்விடாது, வழக்குப் போட்டால் ஆலை தோற்கவே வாய்ப்பு அதிகம். வழக்குப் போட யாரும் இல்லை என்பதுதான் ஆலையின் பலம்.

முதலாளியிடம் இந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். "அவங்க யாருக்கும் இது தெரியாதே சார்" என்றார்.

தெரியும். டீக்கடையில் மேஸ்திரி சொன்ன கணக்கு என் கணக்கைவிடத் துல்லியமாக இருந்தது. எத்தனை முறை புது ஆள் ஆனார், எந்தெந்த வருடம், ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிய தாள் என்ன நிறம் என்பது வரை சொன்னார்.

பற்றைப் பற்றி எழுதியவர்களில் மேயரும் ஆலனும் 1991இல் செய்த பிரிவினை எனக்கு எப்போதும் கைகொடுக்கும். ஒருவர் விரும்பி இருக்கலாம். போனால் இழப்பு என்பதற்காக இருக்கலாம். இருந்தாக வேண்டும் என்ற கடமை உணர்வால் இருக்கலாம். இழப்புக்குப் பயந்து இருப்பதற்குப் பணிக்கொடைதான் நம் நாட்டில் பெரிய கயிறு. அதை ஆலையே நாலு வருடத்துக்கு ஒருமுறை அறுத்துவிடுகிறது. விருப்பத்தை ஒரு 'ஏய்' தின்றுவிட்டது. மிஞ்சியது கடமை. முதலாளியும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா இவங்க பொண்ணு கல்யாணத்துக்கெல்லாம் பணம் கொடுத்தாரு. நன்றி வேணாமா?"

இந்த வாதம் வேறு எந்த ஊரில் செல்லும் என்று எனக்குத் தெரியாது, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் செல்லாது. பண்ணையாள் முறை இங்கே எப்படி இருந்தது என்பதை ஆட்கள் தாத்தா வாயால் கேட்டிருக்கிறார்கள். முன்பணம், கல்யாணக் கடன், பொங்கலுக்கு ஒரு வேட்டி, அதற்கு ஈடாக ஆயுசு முழுக்கக் கைகட்டல். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதை உடைக்கத்தான். 1968 டிசம்பர் 25 கீழவெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது அரைப்படி நெல் கூலிப் பேச்சு நடந்த காலத்தில். அந்த மண்ணில் 'நன்றி' என்று ஒரு முதலாளி சொன்னால், கேட்கிறவர் காதில் அது வேறு சொல்லாகத்தான் விழும். இந்த முதலாளி நல்லவர். அவர் கொடுத்த வேட்டியை மேஸ்திரி ஒருநாளும் கட்டியதில்லை என்பதும் உண்மை.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பர்க்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் உடனே அவரைத்தான் எடுப்பார்கள். கூலி, வசதி, கண்காணிப்பு எல்லாம் அதிருப்தியைத்தான் தடுக்கும், ஊக்கம் வருவது வேலையிலிருந்தும் அங்கீகாரத்திலிருந்தும் என்றார் அவர், 1959இல். மேஸ்திரி விஷயத்தில் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அவர் பேசிப் பார்த்தது பிட்ஸ்பர்க் பகுதியின் இருநூற்றுச் சொச்சம் பொறியாளர்கள், கணக்காளர்களிடம். மூட்டைக்கு இத்தனை என்று கூலி வாங்கும் லோடுமேனிடம் போய் 'அங்கீகாரம்' என்று பேசினால் அவர் என்னைச் சாக்கோடு சேர்த்துத் தூக்கிப் போடுவார். அவருக்குக் கூலிதான் அங்கீகாரம்.

மாற்றியதும் மாற்றாததும்

முதலில் அபராதம் போனது. அதுவரை பிடித்த பணத்தை என்ன செய்யலாம் என்று ஆட்களையே கேட்கச் சொன்னேன். ஓய்வறைக்கு இரண்டு ஃபேன் என்றார்கள். இவ்வளவு சின்னதாகக் கேட்பார்கள் என்று முதலாளி எதிர்பார்க்கவில்லை, அவர் முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது.

வருகைப்படி ஆயிரம் ரூபாயை உடைத்தோம். வந்த ஒவ்வொரு நாளுக்கும் 40 ரூபாய், 25 நாள் வந்தால் முழு ஆயிரம். நெருங்கிய சாவுக்கு இரண்டு நாள் வந்ததாகவே கணக்கு. செலவு பழையதைவிடக் கொஞ்சம் கூடியது, லீவு மறுபடி சிதறிப் போனது. நெரிசல் நாட்களில் நாலு பேர் ஒன்றாக வராமல் போவது குறைந்தது, அது போதும்.

தொட்டி விஷயம் எளிதாக முடியவில்லை. சூப்பர்வைசரை அனுப்பிவிடுகிறேன் என்றார் முதலாளி. நான் வேண்டாம் என்றேன். அந்தப் பையனைச் சேர்த்தபோது முதலாளி சொன்ன முதல் வாக்கியம், "பழைய ஆளுங்க உன் தலைல ஏறாம பாத்துக்க." அவர் சொன்னபடி செய்தார், அவ்வளவுதான். அவருக்கும் சம்பளம் மேஸ்திரியைவிட இரண்டாயிரம்தான் அதிகம், ராத்திரி ஷிஃப்டில் தூங்க இடம் கிடையாது. அவரிடம் யாரும் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

லாக் புத்தகத்தில் இப்போது தொட்டி திறக்கக் கையெழுத்துப் போடுவது மேஸ்திரி. ஏன் அந்த நேரத்தில் திறந்தார் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். அவருக்கு எழுத்து கொஞ்சம் தடுமாறும். பாய்லர்க்காரர் எழுதிக் கொடுக்கிறார். அந்த வரிகளை வைத்து சூப்பர்வைசர் ரகவாரியாக ஒரு புது சார்ட் போட்டார். அதில் 'நனைந்த நெல்' என்று ஒரு தனிப் பத்தி உண்டு. முதல் மாதம் மூவருக்கும் பேச்சு சுமுகமாக இல்லை. 'நீங்க' என்று சொல்ல சூப்பர்வைசருக்கு நாக்கு எழவில்லை, 'மேஸ்திரி' என்று மட்டும் சொல்லி வினைச்சொல்லை விழுங்கிவிடுவார். சித்திரையில் ஒருநாள் "சொல்லுங்க மேஸ்திரி" என்றதைப் பாய்லர்க்காரர் எனக்கு போன் செய்து சொன்னார்.

சேர்ந்த தேதியைச் சரிசெய்வதற்குத்தான் முதலாளி கடைசி வரை முரண்டு பிடித்தார். ஒரே நாளில் எல்லாருக்கும் பணிக்கொடைப் பொறுப்பு ஏறினால் வங்கிக்காரன் கேட்பான் என்றார். அது பொய்யில்லை, அவருக்கு டிரையர் கடன் இருந்தது. ஒன்பது பேருக்கு மட்டும் பழைய தேதியை ஏற்றுக் கடிதம் கொடுத்தார், மேஸ்திரியும் அதில் ஒருவர். மற்றவர்களுக்கு இனிமேல் கத்தரிப்பதில்லை என்று வாய்மொழி. வாய்மொழிக்கு என் தொழிலில் மதிப்பில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அது வாய்மொழியாகவே நிற்கிறது.

லோடுமேன்கள் விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. டிரையர்ப் பையன் மார்ச்சில் ஹோலிக்கு ஊருக்குப் போனார், திரும்பவில்லை. கான்ட்ராக்டர் வேறு இருவரை அனுப்பினார். அவர்களுக்கும் முதல் பாடம் அதேதான்.

2024 தை மாதக் கடைசியில் மறுபடி ஒரு ராத்திரி. பாய்லர் பக்கத்திலிருந்து "மேஸ்திரி, வாடை வருது!" என்று குரல். மேஸ்திரி ஓடிவந்து கையை விட்டார். சரியாகப் பிடிபடவில்லை. பயத்தில் தொட்டியைத் திறந்துவிட்டார். காலையில் பார்த்தால் ஊறல் போதவில்லை, அரிசி நடுவில் வெள்ளைப் பொட்டு. அந்த வாடை உமியோடு வந்த ஈர வைக்கோல் பாய்லரில் எரிந்தது. அந்தத் தொட்டி அரிசி விலை குறைத்துத்தான் போனது. காலை எட்டு மணிக்கு முதலாளி வந்தார், லாக் புத்தகத்தைப் படித்தார். "வாடை வந்ததாகத் தோன்றியது, திறந்தோம்" என்று பாய்லர்க்காரர் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நட்டத் தொகையை அவரே எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ சொன்னார்.